தலை தொடும் துணி

"யாரோ என் தலையைத் தடவுறாங்கம்மா" என்றார் பின்சீட்டில் இருந்த டீச்சர்.

பயந்து சொன்ன மாதிரி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தபடி, இன்னும் கொஞ்ச நேரம் தடவட்டும் என்பதுபோலத்தான் சொன்னார்.

டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்தாள். காரின் உள்கூரைத் துணி பின்பக்கம் தொட்டில் மாதிரி இறங்கி டீச்சரின் நரைத்த தலையில் உட்கார்ந்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக நகர்ந்தது. காலையில்தான் பதினொரு குண்டூசி குத்தி அதை மேலே ஏற்றி வைத்திருந்தாள்.

"துணி டீச்சர். பசை விட்டுப்போச்சு."

"துணின்னு தெரியுது. ஆனா துணி இப்படித் தடவாது. நாப்பது வருஷம் பிள்ளைங்க தலையைத் தடவினவ நான். எனக்குத் தெரியாதா?"

டீச்சருக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கொண்டுபோய் விட்டு, நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பக் கூட்டி வருவது டிரைவரம்மாவின் வேலை. முன்பு அந்த வேலையை அவள் புருஷன் பார்த்தான். சொந்தக் கார். போன வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்தவன் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான். இரண்டு மாதம் வீட்டு வாசலில் தூசு படிந்து நின்ற வண்டியை அவள் ஓட்டக் கற்றுக்கொண்டு எடுத்தாள். அதிலிருந்து டாக்சி ஸ்டாண்டில் அவளுக்கு டிரைவரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

துணி தொங்க ஆரம்பித்ததும் அந்த இரண்டு மாதத்தில்தான். முதலில் பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு சின்னத் தொந்தி. பிறகு நடுவிளக்கைச் சுற்றி. பிறகு டிரைவர் சீட்டுக்கு மேலே. அவள் ஊசி குத்துவாள். திரும்ப வந்து பார்த்தால் ஊசிகள் எல்லாம் சீட்டில் கிடக்கும். வண்டி ஆடியதில் விழுந்தால் கண்ட இடத்தில் அல்லவா கிடக்க வேண்டும்? இவை ஒரே பக்கம் தலை வைத்து, வரிசையாகக் கிடந்தன. மாமனாரிடம் அதை அவள் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை.

டீச்சர் பொறுத்துக்கொண்டார். மற்றவர்கள் பொறுக்கவில்லை. ரயிலடியில் ஏறிய ஒருவர் இரண்டாவது சிக்னலிலேயே இறங்கிக்கொண்டார். "பிடரியில கை வைக்கிற மாதிரி இருக்கும்மா, நான் நடந்தே போறேன்" என்றார். நல்ல மனிதர், பெட்டி வேறு கனம். அன்று மாலையே ஸ்டாண்ட் மேனேஜர் கூப்பிட்டார்.

"டிரைவரம்மா, அந்த ரூஃப் துணியை மாத்துங்க. இன்னொரு புகார் வந்தா உங்களுக்கு சவாரி அனுப்ப முடியாது. கோவிச்சுக்காதீங்க."

மறுநாள் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு சீட்டு தைக்கிற கடைக்குப் போனாள். மாமனார் முப்பது வருஷம் தறி மில்லில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. ஆனால் துணி என்று வந்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் சொல்லிவிடுவார்.

கடைக்காரருக்குப் பட்டப்பெயர் பசை. பத்து விரலிலும் காய்ந்த பசை தோலாக உரிந்துகொண்டிருக்கும். அவரோடு கை குலுக்கினால் கை திரும்பி வராது என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். பசை வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் விடச் சொல்லி, கைப்பிடிகளையும் வெயில் மறைப்பையும் நடுவிளக்கையும் கழற்றினார். கூரையின் வடிவத்தில் அழுத்திச் செய்த பெரிய அட்டை ஒன்று மெதுவாகக் கீழே இறங்கியது. இரண்டு பேருமாக அதைப் பின்கதவு வழியே வெளியே இழுத்தார்கள். துணியைப் பிடித்து உரித்ததும் அதற்குப் பின்னால் இருந்த பஞ்சு மஞ்சள் தூளாக உதிர்ந்து மூவர் தலையிலும் படிந்தது.

"இதாம்மா நோய்" என்றார் பசை தும்மிக்கொண்டே. "துணிக்கு ஒண்ணும் ஆகலை. நடுவுல இருக்கிற பஞ்சு செத்துப்போச்சு. அதுதான் துணியையும் அட்டையையும் சேர்த்துப் பிடிச்சிட்டிருந்துச்சு. அது போனா துணி என்ன பண்ணும், தொங்கும்."

மாமனார் பழைய துணியைக் கையில் வாங்கினார். ஓரத்தோடு ஓரம் வைத்து, மடிப்புக் கலையாமல், மில்லில் மடிப்பதுபோல மடித்து மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் சீட்டுக்கு மேலே வருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பிள்ளை உயரம். தலை முட்டும்.

பசை மாதிரித் துணிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

"இது ரெக்சின். அழுக்கானா துடைச்சுக்கலாம். ஆனா கனம், வெயில்ல இழுக்கும். ரெண்டு வருஷத்துல மறுபடி என்னைத் தேடி வருவீங்க. இது சோபா துணி. பூப்போட்டு அழகா இருக்குன்னு கேப்பாங்க. பின்னாடி பஞ்சு கிடையாது. பசை ஊறி முன்பக்கம் திட்டுத் திட்டா தெரியும். இதெல்லாம் பஞ்சு ஒட்டியே வர்றது. ரெண்டு மில்லி, மூணு மில்லி, அஞ்சு மில்லி. பஞ்சு தடிமனா இருந்தா சத்தம் வராது, சூடும் இறங்காது."

மாமனார் ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். "இது நெய்தது இல்ல, பின்னினது" என்றார் சாம்பல் நிறத் துண்டைக் காட்டி. "எல்லாப் பக்கமும் இழுபடும்."

"பெரியவருக்கு வேலை தெரியுது!" என்றார் பசை.

அட்டையில் விரிசல் இருந்தது. ஒட்டுப்போட்டுக் காயவைக்க மூன்று நாளாவது ஆகும், அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று மாதிரித் துண்டுகளையும் கொடுத்தனுப்பினார். டீச்சருக்கு ஆஸ்பத்திரி நாள் தள்ள முடியாது. அவள் கூரை இல்லாத வண்டியை, அதாவது வெறும் தகரம் தெரிகிற வண்டியை, ஓட்டிக்கொண்டு போனாள்.

துணியும் அட்டையும் போன பிறகு வண்டிக்கே காது முளைத்த மாதிரி ஆகிவிட்டது. மரத்திலிருந்து விழுகிற இலை தெரிந்தது. காக்காய் உட்கார்ந்தால் நகம் தெரிந்தது.

அன்று பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிவிட்டு அவள் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகப் போனபோது தலைக்கு நேர் மேலே கேட்டது.

டொக். டொக்.

அவள் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் டிரைவர் ஆவதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தவன். ஏறுவதற்கு முன்னால் வண்டியை இரண்டு தட்டுத் தட்டாமல் அவனால் ஏற முடியாது. பங்கில் காற்றோ பெட்ரோலோ போட்டுவிட்டு வருவான், உள்ளே உட்கார்ந்திருக்கும் அவள் தலைக்கு மேலே கூரையில் இரண்டு தட்டு, அப்புறம்தான் கதவு திறக்கும். "நான் என்ன மூட்டையா, ஏத்தியாச்சுன்னு தட்டுறதுக்கு?" என்று அவள் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

ஒரு நிமிஷம் காத்திருந்தாள். கதவு திறக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி கேட்டது. பின்சீட்டிலிருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "யாரோ தட்டுறாங்க பாரும்மா. திற."

"யாருமில்லை டீச்சர்."

"இல்லாமலா தட்டுவாங்க?"

அடுத்த நாள் மாமனாரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, வெயிலில் வண்டியை நிறுத்திய உடனே அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். பக்கத்தில் நின்று சொன்னாலும் பாதி நேரம் 'என்னம்மா' என்று கேட்கிறவர்.

"கேட்டுதா?" என்றார்.

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று அதில் வந்திருந்தது.

பசையிடம் போய்ச் சொன்னார்கள். அவர் ஸ்டூல் போட்டு ஏறித் தகரத்தின் உள்பக்கத்தை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை தங்கச்சி. தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவுல குட்டி மெத்தை மாதிரி ஒரு பேடு ஒட்டியிருப்பான். அது கழண்டு எப்பவோ விழுந்திருக்கு. வெயில் பட்டா தகரம் உப்பும், ஒரு டொக். நிழல் பட்டா உள்ள வரும், இன்னொரு டொக். இதுக்கு ரெண்டுதான் வரும், மூணு வராது. புதுப் பேடு வச்சு, அஞ்சு மில்லி துணி போட்டா சத்தம் செத்துப்போகும்."

"பேடு வேண்டாம்" என்றார் மாமனார்.

"என்ன பெரியவரே?"

"பேடு வேண்டாம். இருக்கிறதுலயே மெல்லிசுத் துணி எது?"

பசை அவளைப் பார்த்தார். அவள் நியாயமாக என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். "நாளைக்குச் சொல்றேன் அண்ணே" என்றாள்.

அந்த நாளை பதினோரு நாளாகியும் வரவில்லை. மாதிரித் துண்டுகள் சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தன. அவள் சோறு போட்டுக்கொண்டே ஒரு துண்டை எடுப்பாள், வைப்பாள். பெட்ரோல் தேவைப்படாத நாளிலும் பங்கு ஓரமாக வண்டியை நிறுத்தினாள். ஸ்டாண்டிலிருந்து சவாரிக்குக் கூப்பிட்டால் வண்டி வேலையில் இருக்கிறது என்றாள். டீச்சரை மட்டும் விடவில்லை. இரண்டு தட்டு கேட்காத நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்ட நாளில் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கேட்ட நாளே மேலாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், தெருவில் நாய்கூட இல்லை. டீச்சரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து உலை வைத்திருந்தாள். முட்டை உடைத்து ஊற்றிவிட்டு "மாமா, சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்தாள். அவருக்குக் கேட்காது என்று கூடத்துக்கு வந்து பார்த்தாள். நாற்காலி காலி. ஆணியில் தொங்க வேண்டிய கார் சாவி இல்லை.

வாசலுக்கு ஓடினாள். வெயிலில் நின்ற காரின் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. தெருச் சத்தம் குறுக்கே வரக் கூடாது என்று ஏற்றியிருக்கிறார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வலது கையைத் தூக்கி வெறும் தகரத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா! கதவைத் திறங்க!"

உள்ளே பூட்டியிருந்தது. இன்னொரு சாவியை எங்கே வைத்தான் என்பது போனவனுக்குத்தான் தெரியும். அவள் கண்ணாடியை அறைந்தாள். கூரையைக் கையால் அடித்தாள். அடித்த ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் மலர்ந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்து, "வா வா" என்று தலையை ஆட்டினார். அவள் பயந்துபோய் அடிப்பதை நிறுத்தினாள்.

நிறுத்திய பிறகும் கூரையில் தட்டுக் கேட்டது.

பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த செங்கலை எடுத்துப் பின்கதவின் சின்னக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுப் பூட்டைத் திறந்தாள். முன்கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. அவரை இழுத்துச் சுவர் நிழலில் கிடத்தி, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டாள். கால் மணி நேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது. வலது உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது.

"நல்லாப் பேசிட்டிருந்தான்" என்றார். "நீ வந்து கலைச்சிட்ட."

"மாமா, அவர் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நீங்களும் இருந்திருக்க மாட்டீங்க."

"உள்ள விடச் சொல்றான்மா. எத்தனை நாளா வெளிய நிக்கிறான்! ரெண்டு தட்டுத் தட்டினா நான் வந்துட்டேன்னு அர்த்தம். உனக்குத் தெரியாதா?"

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் ஒன்றும் நடக்காது என்றும் தெரிந்தது. வண்டியைப் பார்த்தாள். கதவுகள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. வெறும் தகரம் வெயிலில் மின்னியது. கூப்பிடுவது அவன்தானா, அவன் மாதிரி வேறு ஏதாவதா என்ற நினைப்பு அப்போதுதான் முதல் முறையாக அவளுக்கு வந்தது. உயிரோடு இருந்தவரை அப்பாவை வெயிலில் ஒரு தெரு நடக்க விடாத பிள்ளை அவன்.

இரண்டு நாள் கழித்து, உடைந்த சின்னக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனபோது அவளே பேசினாள். "அண்ணே, அஞ்சு மில்லி. பேடு ரெண்டு வரிசை வைங்க."

"ரெண்டு எதுக்கு? ஒண்ணே போதும்."

"ரெண்டு வைங்க."

மாமனார் கட்டுப்போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த மத்தியானத்திலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். வண்டியை எடுத்தபோது தானே வந்து ஏறிக்கொண்டார்.

பசை இரண்டு சுருள்களை எடுத்துப்போட்டார். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் ஐந்து மில்லி. எது வேண்டும் என்றார். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. சுருள்களை மாமனாரின் மடிப்பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியலை மாமா. நீங்க சொல்லுங்க."

அவர் வெகுநேரம் தொடவில்லை. பசை பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு இடது கை மெல்ல வந்தது. முதல் துணியின் முனையைக் குறுக்கே இழுத்து விட்டார். நெடுக்கே இழுத்து விட்டார். இரண்டாவதைப் புறங்கையால் ஒரு தரம் நீவினார். அதன் பின்னாலிருந்த பஞ்சை நகத்தால் கீறி, கீறல் மூடுகிறதா என்று பார்த்தார்.

"முதல் துணி நாளானா தளரும்" என்றார் யாரையும் பார்க்காமல். "இது நெருக்கமாப் பின்னியிருக்கு. பஞ்சும் செத்தது இல்ல. இது நிக்கும்."

"எத்தனை வருஷம் நிக்கும் மாமா?"

"என் காலத்துக்கு நிக்கும்."

அன்று காலையிலிருந்தே மூட்டம். வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பசை அட்டையைச் சுரண்டித் துடைத்து, அட்டையிலும் துணியிலும் பசையைப் பீய்ச்சி, விரல் வைத்தால் ஒட்டாமல் இழுக்கிற பதம் வரும்வரை காத்திருந்தார். பாதி பாதியாகத் துணியை விரித்து, பள்ளங்களில் உள்ளங்கையால் தேய்த்து உட்கார வைத்தார். ஓரங்களை மடித்து ஒட்டினார். தகரத்தில் பேடு இரண்டு வரிசையும் ஏறியது. அட்டையைப் பின்கதவு வழியாக நுழைத்து மேலே தூக்கி நான்கு மூலையையும் முடுக்கினார்.

"இப்ப மூணு பேரும் உள்ள ஏறுங்க. உள்ளங்கையை விரிச்சு நடுவுல அழுத்திப் பிடிக்கணும். பேடு அட்டையைப் பிடிச்சுக்கிற வரைக்கும், பத்து நிமிஷம். விட்டா பழையபடி இறங்கிடும்."

மாமனார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவள் பக்கத்துச் சீட்டில். பசை பின்னால். ஆறு கைகளும் மேலே.

"இப்ப போலீஸ்காரன் பார்த்தா நம்மளைத் துப்பாக்கி வச்சு வளைச்சிட்டாங்கன்னு நினைப்பான்" என்றார் பசை. அவளுக்கு இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பசை உற்சாகமாகி, ஒரு தடவை தன் கையே கூரையோடு ஒட்டிக்கொண்டு சாப்பாடுகூட ஊட்டிவிட வேண்டி வந்த கதையை ஆரம்பித்தார்.

பாதிக் கதையில் அது வந்தது.

சத்தம் இல்லை. சத்தம் வர முடியாது. அவள் உள்ளங்கையில், துணிக்கும் பஞ்சுக்கும் அட்டைக்கும் பேடுக்கும் அப்பாலிருந்து, ஒரு முறை அழுந்தியது. இன்னொரு முறை அழுந்தியது.

பசை கதையை நிறுத்தினார்.

கொட்டகைக்குள் வண்டி. வெளியே மூட்டம். இன்ஜின் ஓடவில்லை. மறுபடியும் இரண்டு முறை.

"அண்ணே" என்றாள் அவள் திரும்பாமல். "வெயில் இல்லையே அண்ணே."

"தகரம்னா..." என்று தொடங்கிய பசை அதற்கு மேல் போகவில்லை. ஒரு கையைக் கீழே எடுத்து, உள்ளங்கையைப் பார்த்து, சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப மேலே வைத்தார்.

மாமனார் கண்ணை மூடியிருந்தார். "தெரியுதாம்மா?" என்றார்.

"தெரியுது மாமா."

"நீ அழுத்துறியா?"

"அழுத்துறேன்."

"நானும் அழுத்துறேன்" என்றார். கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. கட்டுப்போட்ட கையும் அழுத்தியது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததா, இவர்கள் கைகள்தான் மரத்துப்போயினவா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சு" என்றார் பசை. அவர் குரல் அவர் குரலாக இல்லை. "ஒட்டியிருக்கும். விடலாம்."

யாரும் விடவில்லை.

"மாமா, கையை எடுங்க."

"நீ எடு முதல்ல."

அவள் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கடைசியில் உள்ளங்கையை எடுத்தாள். கூரை அப்படியே நின்றது. பின்னால் பசையின் கைகள் இறங்குவது கேட்டது. மாமனாரின் கைகள் மட்டும் மேலேயே இருந்தன. அவள் அவருடைய கட்டுப்போட்ட கையின் மணிக்கட்டைப் பிடித்து, தூங்குகிற குழந்தையின் கையை இறக்குவதுபோல இறக்கி அவர் மடியில் வைத்தாள். இன்னொரு கையை அவரே இறக்கினார்.

புதுத் துணியில் அவர் விரல்கள் ஐந்தும் பள்ளமாகத் தெரிந்தன. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு மெல்ல மேலெழுந்து வந்து கட்டைவிரலை நிரப்பியது. பிறகு சுண்டுவிரலை. பிறகு மற்றவற்றை. ஒரு கை அங்கே இருந்ததாகவே இல்லாமல் சாம்பல் நிறம் சமமாயிற்று. எங்கோ தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது வண்டிக்குள் கேட்கவில்லை, கொட்டகை வாசலில் நிழலாகத்தான் கடந்தது.

"டீச்சருக்கு மூணு மணிக்கு முடியும்" என்றாள் அவள். "தள்ளி உட்காருங்க மாமா. நான் ஓட்டணும்."

அவர் இறங்கி, பானெட்டில் கை ஊன்றிச் சுற்றி வந்து, இந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தார்.